நீலக் கார் – அத்தியாயம் 9: ஒன்றாம் நம்பர் பிளக்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், தகரக் கூரைக்குக் கீழே, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

காரில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும், திறந்து கிடந்த கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாமா இரண்டடி பின்னால் போய், பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். எழுந்தபோது அவருடைய இடது புருவத்தில் பாதியைக் காணோம்.

"அக்கா, என் மூஞ்சி அங்கயே இருக்கா? பாத்துச் சொல்லு."

"இருக்குடா. அதே மூஞ்சிதான். என்ன பண்றது?" என்றாள் அம்மா.

நான் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததிலிருந்து பதினோரு முறை சாவியைத் திருப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும் என்ஜின் சுற்றுகிறது, செருமுகிறது, வெடிக்கிறது, நின்றுவிடுகிறது. எட்டு மாத உழைப்பு. நாளைக் காலை ஒன்பது மணிக்கு இது ஓட வேண்டும்.

தெருமுனை வரைக்கும் ஓடினால் போதாது. மேம்பாலம் ஏறி இறங்கி, ஒரு பெரிய கார் ஒர்க்ஷாப்பின் வாசல் வரைக்கும் ஓட வேண்டும். போன செவ்வாய்க்கிழமை அங்கே வேலை கேட்டுப் போன இடத்தில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியவில்லை.

அங்கே வேலையாட்களை மேற்பார்க்கும் போர்மேன் என் மெக்கானிக்கல் பட்டத்தைப் புரட்டினார். பிறகு என் நகங்களைப் பார்த்தார்.

"ரிசப்ஷன்ல ஒரு இடம் இருக்கும்மா. போன் எடுத்துப் பேசணும். ஏசி ரூம். உங்களுக்கு அதுதான் சரிப்படும்."

"நான் மெக்கானிக் வேலைக்கு வந்திருக்கேன் சார்."

"இதுவரைக்கும் கையில கிரீஸ் பட்டிருக்கா?"

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரியில் சேர்ந்த அன்று படிவத்தில் 'பெற்றோரின் கல்வித் தகுதி' என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்பா அதில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டின் மேல் ஏறி நின்று நான்கு வருடம் படித்தது, ஏசி அறையில் உட்கார்ந்து குரலைக் குழைத்துப் பேசவா?

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு, நான் சரிபண்ணின கார்ல, நானே ஓட்டிட்டு வர்றேன். கிரீஸ் எங்கெங்க பட்டிருக்குன்னு அப்பப் பாருங்க," என்றேன்.

அறையில் இருந்த மற்ற இருவரும் சிரித்தார்கள். போர்மேன் பேனாவை மூடினார். "வந்துட்டா இடம் உனக்குத்தான். போய்ட்டு வா."

'உங்களுக்கு' என்பது 'உனக்கு' ஆனதைக் கவனித்தேன். இருந்தாலும் வாக்கு வாக்குதானே.

கார் எங்களுக்கு வந்த கதை சின்னது. அம்மா தையல்காரி. ஒரு டாக்டரின் கிளினிக் முழுவதற்கும் திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். கிளினிக்குக்குப் பின்னால் மரத்தடியில் பதினோரு வருடமாக ஒரு கார் நின்றது. கூரை முழுக்கக் காக்கை எச்சம், பின் சீட்டில் ஒரு பூனைக் குடும்பம். கூலியைப் பற்றி டாக்டர் பேச்செடுத்ததும் அம்மா ஜன்னல் பக்கம் கையை நீட்டினாள். "அதைக் குடுத்துருங்க. வீட்ல ஒரு இன்ஜினியர் சும்மா உக்காந்திருக்கா." எனக்குப் பரிசு கொடுக்கவும் என் மானத்தை வாங்கவும் அம்மாவுக்கு ஒரே மூச்சு போதும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் குப்பைக்குப் போகவில்லை. துருப்பிடித்து ஓட்டையான தரைத் தகட்டை வெட்டியெடுத்துவிட்டு, செத்துப்போன வாஷிங் மெஷினின் பக்கத் தகட்டை அளந்து வெட்டி ரிவெட் அடித்தோம். பெட்ரோல் டேங்குக்குள் வினிகரையும் ஒரு பிடி போல்ட்டையும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்று நாள் குலுக்கினோம். துரு கஷாயமாக வந்தது. கார்புரேட்டருக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கும் அட்டையை, கேஸ்கெட்டை, அம்மா அச்செடுத்து, சட்டைக் காலர் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டினாள். மாமா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஸ்ப்ரே மெஷினுக்கு வழியில்லாததால் ரோலரிலேயே காருக்கும் அடித்தார். உப்புத்தாள், தண்ணீர், பெயின்ட், மறுபடி உப்புத்தாள் என்று ஆறு சுற்று. தூரத்திலிருந்து பார்த்தால் கடல் நீலம். பக்கத்தில் வந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி நீலம்.

பிரேக்கில் மட்டும் நான் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. நாலு சக்கரத்துக்கும் புதுசு. ஓடாத காரில் யாரும் சாகமாட்டார்கள். நிற்காத காரில்தான் சாவார்கள்.

"பெட்ரோல் வருதா?" என்று அப்பா கேட்டார். அப்பா பஸ் கண்டக்டர். வாராவாரம் கிடைக்கும் ஒரே விடுமுறை நாளில், சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு நின்றார்.

"வருது."

"பொறி?"

"நாலு பிளக்லயும் வருது."

"அப்புறம் ஏம்மா இப்படி வெடிக்குது?"

அதுதான் தெரியவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒரு டப்பா. நாலு பிளக்குக்கும் முறைவைத்துத் தீப்பொறியைப் பங்கிடுவது அதன் வேலை. அதன் மூடியிலிருந்து நாலு கம்பிகள் கிளம்பி நாலு பிளக்கில் போய் மாட்டும். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. அதுதான் முறை. முறை தவறினால் என்ஜின் ஓடாது.

மூடிப் பக்கம் நான் மாட்டினேன். பிளக் பக்கம், பின்னால் போகப்போக இடுக்கில் என் கை நுழையவில்லை. ஊசி பிடித்து மெலிந்த விரல்கள் அம்மாவுக்குத்தான். அதனால் அந்த முனையை அவள் மாட்டினாள். கம்பி மாறிப்போகாமல் இருக்க, வாடிக்கையாளர் துணிகளில் கட்டுவது போல ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணிச்சீட்டு கட்டி, மையால் 1, 2, 3, 4 என்று எழுதியிருந்தாள். நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பத்துத் தடவை பார்த்துவிட்டேன். புத்தகத்தில் உள்ளபடியே இருந்தது.

புத்தகம் சரி. நான் சரி. அப்படியென்றால் தப்பு வேறு யாருடையதோ.

"டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள பொறி தட்டற பாயின்ட்டைத் தேய்ச்சது நீங்கதானேப்பா?"

"ஆமாம்மா. நீ சொன்ன மாதிரிதான் தேய்ச்சேன். லேசா, ரெண்டே இழு."

"ரெண்டு இழுன்னா ரெண்டு இழுதானா, இல்ல கூட ரெண்டு சேத்தீங்களா? இது என்ன டிக்கெட் கிழிக்கற வேலையா? தெரியலைன்னா கை வைக்காதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

அப்பா கையிலிருந்த துணியை மடித்து பானெட் ஓரத்தில் வைத்தார். பின் கதவைத் திறந்து, அம்மா புதிதாக உறை தைத்துப்போட்ட சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கதவை அவர் சத்தமில்லாமல் சாத்திய விதம்தான் எனக்குத் தாங்கவில்லை.

"எல்லாத்துக்கும் புது பிரேக் போட்ட," என்றாள் அம்மா. "உன் வாய்க்கு ஒண்ணு போட்டியாடி? அவர் கிழிச்ச டிக்கெட்லதான் நீ காலேஜ் வரைக்கும் போன."

"அம்மா, இப்ப வேணாம்."

"இப்ப வேணாம்னா எப்ப? நாளைக்கு ஒம்பது மணிக்கா?"

மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார். "இன்னும் எத்தனை வெடி பாக்கி இருக்குன்னு சொன்னா, நான் காதுல பஞ்சு வெச்சுப்பேன்."

"ஸ்டாக் நிறைய இருக்கு சார்!" என்று மாமா பாதிப் புருவத்தோடு கத்தினார். "பஞ்சு நிறைய வாங்கி வைங்க!"

நான் மறுபடி சாவியைத் திருப்பினேன். பேட்டரி முனகியது. காலையில் இருந்த தெம்பு அதற்கு இப்போது இல்லை. என்ஜின் சுற்றியது, இழுத்தது, படார்.

பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"இது ஓடமாட்டேன்னு சொல்லலம்மா."

நான் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

"ஓடத்தான் பாக்குது. ஆனா, ஆள் ஏறி முடிக்கறதுக்குள்ள யாரோ விசில் குடுத்துடறாங்க. படியில ஒரு கால், தரையில ஒரு கால் இருக்கும்போது வண்டிய எடுத்தா ஜனங்க எப்படிக் கத்துவாங்க? அந்தச் சத்தம் இது. விசில் வருது. நேரத்துக்கு வரல."

புத்தகத்தில் இது 'டைமிங்' என்ற தலைப்பில் பதினான்கு பக்கம். அப்பா அதை ஒரு பஸ் படிக்கட்டில் வைத்துச் சொல்லிவிட்டார்.

கீழே குதித்தேன். ஒன்றாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு என்ஜினைக் கையால் சுற்றினால், எந்த நேரத்தில் காற்று அழுத்துகிறது என்று விரலுக்கே தெரியும். கம்பி மாட்டுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்ததுதான். மறுபடி பார்த்துவிட வேண்டியதுதான். ஸ்பேனரோடு வண்டியின் முன்பக்கம், ரேடியேட்டருக்கு எதிரில் முட்டிபோட்டேன்.

"அம்மா, ஒண்ணாம் நம்பர் பிளக் கம்பியக் கழட்டு."

அம்மா குனிந்தாள். அவள் கை என் முகத்துக்கு நேராக இருந்த பிளக்கைத் தாண்டியது. இரண்டாவதைத் தாண்டியது. மூன்றாவதையும் தாண்டியது. முன்கண்ணாடிப் பக்கம், டாஷ்போர்டை ஒட்டிக் கடைசியில் இருந்த பிளக்கின் கம்பியைப் பிடித்து உருவினாள்.

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"அம்மா."

"என்னடி?"

"இதுவா ஒண்ணு?"

"பின்ன? சீட்டுல எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா? ஒண்ணு." துணிச்சீட்டை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"ஏம்மா அங்கேருந்து எண்ணின?"

அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "சட்டைக்கு முதல் பட்டன் எங்க வைப்பாங்க? கழுத்துகிட்ட. அங்கேருந்துதான் கீழ எறங்கணும். ஆள் உக்கார்ற பக்கம் கழுத்து. விளக்கு இருக்கற பக்கம் அடி ஓரம். இதுகூடவா காலேஜ்ல சொல்லித் தரல?"

"காருக்கு முன்பக்கம் முகம்மா! ரேடியேட்டர் பக்கத்துலேருந்துதான் எண்ணணும்!"

"முகத்துலயா பட்டன் வைப்பாங்க?"

மாமா தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.  என் முனையில் ஒன்று என்றால் ஒன்று. அம்மா முனையில் ஒன்று என்றால் நான்கு. நாலு கம்பிகளும் தலைகீழ். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற அந்த முறையை முன்னாலிருந்து எண்ணினாலும் பின்னாலிருந்து எண்ணினாலும் வரிசை கெடாது. ஆனால் ஒவ்வொரு பொறியும் சரியாக ஒரு சுற்று தள்ளி விழும். பத்துத் தடவையும் நான் பார்த்தது சீட்டில் இருந்த எண்ணை மட்டும்தான்; அது புத்தகப்படியே இருந்தது. பாயின்ட்டில் ஒரு குறையும் இல்லை. அப்பா தேய்த்தது ரெண்டே இழு.

ஒன்று எந்தப் பக்கம் என்று அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்ற திமிர். முதல் வருடம் வகுப்பில் எல்லாரும் தலையாட்ட, எனக்கு மட்டும் புரியாமல் கழிவறையில் போய் அழுதேனே, அப்போது அந்த வாத்தியாரிடம் இருந்தது இதே திமிர்தான்.

"மாத்தும்மா," என்றேன். "ஒண்ணை நாலுல போடு. நாலை ஒண்ணுல. ரெண்டையும் மூணையும் இடம் மாத்து."

"கையில அடிச்சுச் சொல்லு. இதுக்கு மேல பிரிச்சுத் தைக்க என்னால ஆகாது."

அடித்தேன். மாற்றினாள். நாலு 'டக்' சத்தம்.

பின் கண்ணாடிப் பக்கம் போனேன். "அப்பா, நான் அப்பச் சொன்னது…"

"எது?"

"டிக்கெட்னு…"

"அது நாலு ஸ்டாப்புக்கு முன்னாடியே எறங்கிப் போயிடுச்சு. நீ வண்டிய எடு."

உட்கார்ந்தேன். உள்ளங்கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன். மாமா, முன்ஜாக்கிரதையாக, மீதி ஒன்றரைப் புருவத்தையும் இரண்டு கைகளால் மூடிக்கொண்டார்.

சாவி.

பேட்டரி அழுதது. ஒரு சுற்று, அரைச் சுற்று, 'முடியாதுடி' என்பது போல ஒரு இழுவை. அதற்குள் உள்ளே ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது. மொத்த வண்டியும் நாய் உடம்பை உதறுவது போல ஒருமுறை உதறியது. உறுமியது. பதினோரு வருடத்துப் புகை, பூனை முடி, வினிகர் நாற்றம் எல்லாம் சைலன்சர் வழியாகக் கிளம்பி வந்தது. நான் ஆக்ஸிலேட்டரைத் தொட்டேன். ஏறியது. விட்டேன். இறங்கியது. நிற்கவில்லை! ஓடிக்கொண்டே இருந்தது!

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அம்மா சட்டென்று இரண்டு கைகளாலும் என்ஜின் பக்கத்துத் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல்காரக் குழந்தையைத் தொடுவது போல. "நடுங்குதுடி! உசுரு வந்து நடுங்குது!" மாமா அப்பாவைக் காரிலிருந்து வெளியே இழுத்து, "மச்சான், மச்சான்!" என்று பனியனோடு தூக்கிச் சுற்றினார். மாடி வீட்டுக்காரர் மறுபடி ஜன்னலைத் திறந்தார். காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுக் கைதட்டினார்.

சோதனை ஓட்டத்துக்கு மூன்று நாள் தற்காலிக அனுமதி வாங்கி வைத்திருந்தேன். அது தொடங்குவது இன்றைக்கு. மதியம் வரை ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கி, பிரேக்கை வாசலிலேயே இருபது தடவை மிதித்துப் பார்த்தேன். இடையில் ஒருமுறைகூட என்ஜினை அணைக்கவில்லை. பெட்ரோலைக்கூட, மாமா திட்டத் திட்ட, வாசலில் நிறுத்தி வைத்து, பேட்டரிக்கு எட்டத்தில், ரொம்பக் கவனமாக ஊற்றினோம். செய்யக் கூடாத வேலைதான். என்ஜின் சொல்லிக் கொடுக்கும் எந்தப் புத்தகமும் இதை மன்னிக்காது. ஆனால் அணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காரணம், டாஷ்போர்டில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. என்ஜின் ஓட ஆரம்பித்தால் அது அணைய வேண்டும். அணையவில்லை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். காலையிலேயே பாதி செத்த பேட்டரி. இப்போது அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமா?

யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் முகங்கள் அப்படி இருந்தன.

"ஏறுங்க எல்லாரும். நாளைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு இன்னிக்கே ஓட்டிப் பாத்துடலாம்."

அம்மா முன்னால். அப்பாவும் மாமாவும் பின்னால். முதல் கியர். கார் எங்கள் தெருவில் இறங்கியது. அம்மா கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"மெதுவாப் போடி!"

"இருபதுலதாம்மா போறேன்."

"இருபதே இப்படியா இருக்கும்?"

ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். மாமா தலையை வெளியே நீட்டி, "போங்க போங்க, நாங்க வண்டிய இப்பத்தான் ஓட்டிப் பழக்கறோம்!" என்றார். மேம்பாலத்தில் ஏறும்போது நாற்பதைத் தொட்டேன். காற்று நாலு ஜன்னல் வழியாகவும் அடித்தது. ரோலர் பெயின்ட் வெயிலில் பளபளத்தது. வாஷிங் மெஷின் தகடு என் காலுக்குக் கீழே அதிர்ந்தது. அதற்குக் கீழே நிஜமான சாலை ஓடியது. சத்தம் போட்டு அழவேண்டும் போல இருந்தது. கியரை மாற்றினேன்.

"என்னம்மா, மூணு ஸ்டாப் தாண்டிட்ட," என்று அப்பா பின்னாலிருந்து முணுமுணுத்தார். "ஒண்ணுலயும் நிக்காமப் போறது என்னமோ திருட்டு வேலை பண்ற மாதிரி இருக்கு."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே வந்தது.

பதினெட்டு நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும் என்று நினைத்த ஒர்க்ஷாப்பின் கேட் திறந்து கிடந்தது. உள்ளே காரைத் தூக்கும் புது லிஃப்ட் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்தவர் அதே போர்மேன்.

என்னைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நாளைக்குத்தானே?"

"ஒத்திகை சார்."

பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஓடுகிற என்ஜின் மேல் குனிந்து ஒரு நிமிடம் கேட்டார். ஒரு நிமிடம் என்பது நீளம். குறை கண்டுபிடிக்கக் குனிந்தவருக்கு அது கிடைக்கவில்லை என்பதை அவர் கழுத்திலேயே பார்த்தேன். கடைசியில் துணிச்சீட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன, தையக்கடையா?"

"ஆமாங்க. என் கடைதான்," என்றாள் அம்மா.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஓடுது. இல்லேன்னு சொல்லல. ஆனா நாளைக்கு நீ சிரமப்பட்டு வர வேணாம். அந்த இடத்துக்கு வெள்ளிக்கிழமையே ஆள் போட்டாச்சு."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அவர் கொஞ்சம் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

"வந்துட்டா இடம் எனக்குன்னு சொன்னீங்க."

"அது பேச்சுக்குச் சொன்னதும்மா. நீ நிஜமாவே வருவேன்னு யாருக்குத் தெரியும்?"

மாமா ஒரு அடி முன்னால் வைத்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே, பஸ்ஸில் தகராறு செய்யும் ஆளிடம் பேசுவது போல, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஆள் எடுக்கறது யாருங்க? நீங்களா?"

"முதலாளி."

"அவங்க எங்க இருக்காங்க?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை," என்றார் போர்மேன். ஆனால் அவர் கண் ஒரு நொடி மாடி ஜன்னலுக்குப் போய் வந்தது. அந்த ஒரு நொடி எனக்குப் போதும்.

"அப்பா, முன் சீட்ல உக்காருங்க. ஆக்ஸிலேட்டர்ல லேசாக் கால் இருக்கட்டும். யார் சொன்னாலும் அணைக்காதீங்க."

"ஏம்மா, நீ எங்க…"

இரும்புப் படிகள். இரண்டிரண்டாக ஏறினேன். பின்னால் போர்மேன் ஏதோ கூப்பிட்டார். என் கார் அதைவிடச் சத்தமாகக் கத்தியது.

மேலே ஒரே அறை. மேஜை முழுக்க லிஃப்ட்டின் வரைபடம். ஜன்னலோரம் ஐம்பது வயசுப் பெண்மணி ஒருவர் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு நின்றிருந்தார். முதலாளி பெண் என்று எனக்குத் தெரியாது. ஒரு நிமிடம் மனசு லேசானது. அடுத்த நிமிடமே அதற்கு வேட்டு.

"கீழ நிக்கற நீலக் கார் உங்களுதா?" திரும்பாமலே கேட்டார்.

"எங்களுது."

"ஏன் அணைக்காம வந்தீங்க?"

ஆயிரம் பதில் இருந்தது. ஒரு நிமிஷ வேலை, அதான். மறந்துட்டேன். சும்மாதான். இங்கேயும் பொய் சொன்னால், கீழே நிற்கும் அந்த ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"சார்ஜ் ஏறலைங்க. பேட்டரி காலைலயே படுத்துடுச்சு. அணைச்சா மறுபடி எழுந்திருக்குமான்னு தெரியல."

"எதனால ஏறல?"

"தெரியாது. டைனமோவா இருக்கலாம், ரெகுலேட்டரா இருக்கலாம், வெறும் ஒயரா இருக்கலாம். பாத்தாதான் தெரியும்."

இப்போதுதான் திரும்பினார். என் கையைப் பார்த்தார். நகங்களை அல்ல, மணிக்கட்டு வரை ஏறியிருந்த கறுப்பை.

"அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு. தெரியுமா?"

"இப்பத்தான் சொன்னாரு. கார்ல வந்தா இடம் எனக்குன்னு செவ்வாய்க்கிழமை சொன்னதும் அவருதான். ரெண்டு பேர் முன்னாடி."

"அது எனக்குத் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சிடுச்சே."

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. சிரிப்பா, எரிச்சலா என்று பிடிபடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டே கால்.

"நான் அஞ்சு மணி வரைக்கும் இங்க இருப்பேன். போய் வண்டிய அணைங்க. குறை என்னன்னு கண்டுபிடிங்க. அஞ்சுக்குள்ள அந்தக் கார் தானாக் கிளம்பி இந்தக் கேட்டைத் தாண்டினா, அவர் குடுத்த வாக்கைப் பத்தி நானும் அவரும் நீங்களும் உக்காந்து பேசலாம். தள்ளக் கூடாது. எங்க பேட்டரியத் தொடக் கூடாது."

"தாண்டலைன்னா?"

"கட்டி இழுத்துட்டுப் போக வண்டி நம்பர் தர்றேன்."

வாசல் வரை போய்த் திரும்பினேன். "எங்க வீட்டாளுங்க கை வைக்கலாமா?"

"யார் செஞ்ச கார் அது?"

"நாலு பேரும்."

"அப்ப என்னை ஏன் கேக்கறீங்க?" என்று மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படியிறங்கினேன்.  லிஃப்ட் பொருத்த வந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட் ஓரம் கூடியிருந்தார்கள். போர்மேன் கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தார். அப்பா, என்னமோ வெடிகுண்டின் மேல் உட்கார்ந்தவர் போல, அசையாமல் ஆக்ஸிலேட்டரில் கால் வைத்திருந்தார்.

"என்னடி சொன்னாங்க?" என்றாள் அம்மா. "இடம் உண்டா, இல்லையா?"

நான் அப்பாவின் முன்னால் கையை நீட்டி, சாவியைத் திருப்பினேன்.

என்ஜின் நின்றது.

அந்த நிசப்தத்தில் மூன்று பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"மணி அஞ்சாகறதுக்கு இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கு," என்றேன். "கையை மடிச்சு விட்டுட்டு எறங்குங்க. எல்லாரும்."